விடுமுறை முடிஞ்சு பள்ளி திறக்க ஐந்தே நாள்: தூக்கம், பை, மரம், சீரியல் செட் – எதை முதலில் கையில் எடுப்பது?

வாசல்மணி:
இன்று புதன், ஜனவரி 1. வரும் திங்கட்கிழமை 6ஆம் தேதி பள்ளி. பையனுக்கு 13 வயது, பெண்ணுக்கு 6. கிறிஸ்துமஸ் விடுமுறையில் இரண்டு பேரும் படுப்பது இரவு 11:30, எழுவது காலை 9:30 என்று ஆகிவிட்டது. பள்ளி நாளில் 6:15க்கு எழுந்தால்தான் 7:20க்கு வீட்டை விட்டுக் கிளம்ப முடியும்.

இதோடு மிச்சம் இருப்பவை: மரம் பிரிக்கவில்லை, நான்கு சீரியல் செட் (ஒன்றில் பாதி எரியவில்லை), ஊருக்குப் போய் வந்த இரண்டு பெட்டி துணி, பிரிட்ஜில் விருந்து மீதி, கூடம் முழுக்கப் புதுப் பொம்மைகள். மரத்தைப் பிரிக்கிற பேச்சை எடுத்தாலே சின்னவள் அழுகிறாள்.

கேள்விகள்:
1. தூக்கத்தை ஐந்து நாளில் திருப்ப முடியுமா? முடியும் என்றால் எந்த வரிசையில்?
2. மற்ற வேலைகளில் எதைத் திங்களுக்கு முன் முடிக்கணும், எதைத் தள்ளிப் போடலாம்?

"சீக்கிரம் படுக்க வையுங்கள்" என்ற பதில் வேண்டாம். அதை முயன்றாயிற்று, ஒரு மணி நேரம் புரண்டுகொண்டுதான் கிடக்கிறார்கள்.

பகல்நிலா:
புரண்டுகொண்டு கிடப்பதில் ஆச்சரியமே இல்லை. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய ஓரிரண்டு மணி நேரத்தில்தான் உடம்பு நன்றாக விழித்திருக்கும். 11:30க்குத் தூங்கிப் பழகிய பிள்ளையை 9 மணிக்குப் படுக்கப் போட்டால் அந்த விழிப்பின் உச்சியில் கொண்டு போய்ப் படுக்க வைக்கிறீர்கள். அதனால் படுக்கும் நேரத்தை விடுங்கள், எழும் நேரத்தைப் பிடியுங்கள். காலை எழும் நேரத்தை முன்னால் இழுத்தால் இரவுத் தூக்கமும் தானாக முன்னால் வரும்.

மனித உடலின் உள்கடிகாரம் சராசரியாக 24 மணிக்குச் சற்றே கூடுதலாக ஓடுவது. அதனால் தாமதமாகச் சரிவது சுலபம், முன்னால் இழுப்பது கஷ்டம். விடுமுறையில் ஒருவரும் முயற்சி செய்யாமலே நேரம் நழுவியது இப்படித்தான்.

"நாளுக்கு 15 நிமிடம்" என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். நல்ல யோசனை, ஆனால் உங்களுக்கு நாள் போதாது. 9:30க்கும் 6:15க்கும் இடையில் 3 மணி 15 நிமிடம் இருக்கிறது. ஐந்து காலைகளில் 15 வீதம் போனால் 75 நிமிடம்தான் தேறும். நாளுக்கு 35 முதல் 45 நிமிடம் வரை இழுக்க வேண்டியிருக்கும். எழுப்ப வேண்டிய நேரம்:

வியாழன் 8:45
வெள்ளி 8:10
சனி 7:30
ஞாயிறு 6:50
திங்கள் 6:15

நாளைக்கே 6:15க்கு எழுப்பி ஒரேயடியாகச் சரி செய்துவிடலாம் என்று தோன்றும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இயல்பாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு உடல் வெப்பம் மிகக் குறைந்த நிலைக்குப் போகும். அந்தப் புள்ளிக்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் தள்ளும். அதற்கு முன் படும் வெளிச்சம் பின்னால் தள்ளும். 9:30க்கு எழுகிற பிள்ளைக்கு அந்தப் புள்ளி ஏறத்தாழ 6:30க்கும் 7:30க்கும் நடுவில் இருக்கும். முதல் நாளே 6:15க்கு எழுப்பி வெளியே கூட்டிப் போனால் நாம் வேண்டியதற்கு எதிர்ப்பக்கம் தள்ளும் வாய்ப்பு உண்டு. படிப்படியாகப் போகச் சொல்வது இதனால்தான், செல்லம் கொடுப்பதற்காக இல்லை.

எழுந்த அரை மணி நேரத்துக்குள் வெளிச்சம் வேண்டும். திரையை விலக்கினால் மட்டும் போதாது. வெளியே 20 – 30 நிமிடம் இருக்கணும், மேகமூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. மூடிய வானத்தின் கீழே கிடைக்கும் வெளிச்சமே அறைக்குள் விளக்குப் போட்டுக் கிடைப்பதைப் போலப் பல மடங்கு. காலை உணவையும் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுங்கள். இரவு உணவையும் அதே கணக்கில் முன்னால் இழுங்கள். சாப்பாட்டு நேரம் மட்டும் 9:30லேயே நின்றால் தூக்கமும் அங்கேயே நிற்கும்.

இரவில் விளக்கணைக்கும் நேரம், சின்னவளுக்கு: வியாழன் 10:45, வெள்ளி 10:00, சனி 9:20, ஞாயிறு 8:30. பெரியவனுக்கு: 11:15, 10:50, 10:20, 9:50. இரண்டு பேருக்கும் ஒரே நேரம் வைக்காதீர்கள். பருவ வயதில் கடிகாரமே பின்னால் நகர்ந்துவிடும். அதைச் சோம்பல் என்று சண்டை போட்டு மாற்ற முடியாது. 6 – 12 வயதுக்கு நாளில் 9 முதல் 12 மணி நேரம், 13 – 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் என்பதுதான் பரிந்துரை. மேலே சொன்ன நேரங்களில் சனிக்கிழமை இரவிலிருந்து சின்னவளுக்கு ஒன்பதரை மணிக்குக் குறையாது, பெரியவனுக்கு எட்டு எட்டரை வரும்.

விளக்கணைப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கூடத்தில் பெரிய விளக்கை அணைத்துச் சின்ன விளக்கு மட்டும் போடுங்கள். பகலில் கண் சொருகினால் 20 நிமிடம், அதுவும் 3 மணிக்கு முன். அதைத் தாண்டித் தூங்கவிட்டால் அன்றைய இரவு போச்சு.

பள்ளி திறந்த பிறகு வரும் முதல் சனி ஞாயிறுதான் பலரும் கோட்டை விடுகிற இடம். வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடாதீர்கள், குறைந்தது முதல் இரண்டு வாரத்துக்கு.

ஊசிமுனை:
தூக்கத்தை மேலே நல்லா சொல்லிட்டாங்க. நான் பொருள் பக்கம் வர்றேன். திங்களுக்கு முன்னாடி முடிக்க வேண்டியது நாலே நாலு: பள்ளிப் பை, சீருடை, ஷூ, தலை. மத்ததெல்லாம் காத்திருக்கும்.

பையை இன்னைக்கே திறங்க. ஞாயிறு ராத்திரி திறந்தா அடியில இருந்து என்ன வரும்னு தெரியாது: கடைசி நாள் டிபன் பாக்ஸ், மூடி திறக்காத தண்ணீர் பாட்டில், கையெழுத்துக் கேட்டு வந்த சுற்றறிக்கை. எல்லாத்தையும் வெளியே கொட்டி, பையைத் தலைகீழாப் பிடிச்சு உதறி, தையல் மூலையில பென்சில் சீவின தூளை ஈரத்துணியால துடைச்சு, ஒரு பகல் வாய் திறந்தே வெச்சிடுங்க. டிபன் பாக்ஸ் பூஞ்சை பிடிச்சிருந்தா டப்பாவைவிட மூடியில இருக்கற ரப்பர் வளையத்தைப் பாருங்க. நாத்தம் அங்கதான் தங்கும். கத்திமுனையால கிளப்பாதீங்க, வெட்டுப்பட்டா அப்புறம் ஒழுகும். ஸ்பூன் காம்பால நெம்பி எடுத்து, ஒரு டம்ளர் வெந்நீருக்கு ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டு அரை மணி ஊற வைங்க. அந்தக் குழியை பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால தேச்சு, ரெண்டும் முழுசாக் காய்ஞ்ச அப்புறம் மாட்டுங்க. கறுப்புப் புள்ளி போகலைன்னா வளையத்தையே மாத்திடுங்க.

ஷூவை சாயங்காலம் போட்டுப் பாருங்க. பகல் முழுக்க நடந்த பிறகு கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. பள்ளிக்குப் போடற அதே சாக்ஸோட, நிக்க வெச்சுப் பாக்கணும். வெளியில இருந்து விரலால அமுக்கிப் பாத்தா பிள்ளைங்க விரலை மடக்கிக்குவாங்க, ஏமாந்துடுவோம். உள்ளே இருக்கற அட்டையை உருவி எடுத்துத் தரையில வெச்சு அது மேல நிக்கச் சொல்லுங்க. நீளமான விரலுக்கு முன்னாடி 1 செ.மீ. இடம் இருந்தா இந்தப் பருவம் ஓடும். விரல் விளிம்பைத் தொட்டா சனிக்கிழமையே வாங்கிடுங்க. புது ஷூவை முதல் நாளே பள்ளிக்குப் போட்டு அனுப்பாதீங்க, ஞாயிறு வீட்டுக்குள்ள ரெண்டு மணி நேரம் போட்டு நடக்கட்டும்.

தலை. சொந்தக்காரப் பிள்ளைங்க எல்லாம் ஒரே பாயில உருண்ட பத்து நாளுக்கு அப்புறம் பேன் பாக்காம பள்ளிக்கு அனுப்பறது பெரிய தப்பு. ஒருத்தர் தலையில இருந்து அடுத்தவர் தலைக்கு ஊர்ந்துதான் வரும், தாவாது, பறக்காது. காய்ஞ்ச முடியில தேடினா ஓடி ஒளிஞ்சுக்கும். முடியை நனைச்சு, கண்டிஷனர் தாராளமாத் தடவி, நெருக்கமான பேன் சீப்பால வேர்ல இருந்து நுனி வரைக்கும் வகிடு வகிடா இழுங்க. ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் தாளில துடைச்சுப் பாருங்க. காதுக்குப் பின்னாடியும் பிடரியும் முக்கியம். ஒண்ணு கிடைச்சாலும் மூணு நாளைக்கு ஒரு தடவை, ரெண்டு வாரம். ஈர் பொரியறதுக்கு ஏழுல இருந்து பத்து நாள் ஆகும். ஒரே தடவையில விட்டா மிச்சம் இருந்த ஈர் பொரிஞ்சு திரும்ப ஆரம்பிச்சிடும். வீட்ல எல்லார் தலையையும் அதே நாள்ல பாக்கணும்.

துணியில முதல்ல சீருடையும் அஞ்சு ஜோடி சாக்ஸும். அப்புறம் ஊருக்குக் கொண்டு போன துண்டு, உள்ளாடை. விழாத் துணியை கடைசியாப் போடலாம். ஒரு விதிவிலக்கு: மெழுகுவத்தி சொட்டின துணி. அதை வெந்நீர்ல போட்டுடாதீங்க, மெழுகு உருகி நூலுக்குள்ள இறங்கிடும். ஃப்ரீசர்ல ஒரு மணி நேரம் வெச்சு, கட்டியானதும் ஸ்பூன் விளிம்பால சுரண்டுங்க. மிச்சத்துக்கு மேலயும் கீழயும் அச்சில்லாத வெள்ளைத் தாள் வெச்சு, மிதமான சூட்டுல இஸ்திரிப் பெட்டியை ஒத்துங்க, தேய்க்காதீங்க. தாளில எண்ணெய் மாதிரி ஊறி வரும், ஊறுறது நிக்கற வரைக்கும் தாளை மாத்திக்கிட்டே இருங்க. செய்தித்தாள் வைக்காதீங்க, மை ஏறும்.

திருகாணி:
மரத்தைத் திங்களுக்கு முன் பிரிக்காதீர்கள். நானாக இருந்தால் 11ஆம் தேதி சனிக்கிழமைக்குத் தள்ளிவிடுவேன். ஜனவரி 6 திருக்காட்சி, மூன்று அரசர்கள் வந்த நாள். அதுவரை மரமும் குடிலும் இருப்பதுதான் பழைய வழக்கம், பிப்ரவரி 2 வரை வைத்திருப்பவர்களும் உண்டு. ஆகவே 11 ஒன்றும் தாமதம் இல்லை. சின்னவளிடம் "பிரிக்கிறோம்" என்று சொல்வதைவிட, 6ஆம் தேதி மாலை மூன்று அரசர் பொம்மைகளைக் குடிலுக்குள் நகர்த்தி வைக்கும் வேலையை அவளிடம் கொடுங்கள். கதை முடிந்துவிட்டது என்று அவளுக்கே தெரியும். பிரிக்கும் நாளில் குடில் பொம்மைகளைத் தாளில் சுற்றிப் பெட்டியில் வைப்பதும் அவள் வேலை.

இது பிளாஸ்டிக் மரத்துக்குத்தான் பொருந்தும். வெட்டிய மரம் என்றால் தேதி பார்க்க வேண்டாம். ஊசி இலையை வளைத்தால் மடங்காமல் ஒடிகிறதா, கிளையை உருவினால் கை நிறையக் கொட்டுகிறதா, உடனே விளக்கைக் கழற்றி மரத்தை வெளியேற்றுங்கள். காய்ந்த ஊசியிலை மரம் ஒரு பொறி பட்டால் கண் இமைக்கும் நேரத்தில் பிடித்துக்கொள்ளும்.

பிளாஸ்டிக் மரத்தை அது வந்த அட்டைப்பெட்டியில் திரும்ப அடைக்க முயலாதீர்கள். தொழிற்சாலையில் இயந்திரம் அமுக்கிய கட்டு அது. கையால் திணித்தால் கம்பி வளைந்து அடுத்த வருடம் ஒரு பக்கம் மொட்டையாக நிற்கும். ஒவ்வொரு அடுக்கிலும் கிளைகளை மேல்நோக்கி மடக்கி, துணி நாடாவால் தளர்வாகக் கட்டி, பழைய படுக்கை விரிப்பில் சுருட்டினால் போதும். கழற்றும்போதே அடுக்குக்கு ஒரு நிற டேப் ஒட்டிவிடுங்கள்.

சீரியல் செட். பாதி எரியவில்லை என்றால் பல்பு வரிசை இணைப்பில் அந்தப் பகுதி மட்டும் அறுந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலான செட்டில் இரண்டு மூன்று வரிசைகள் சேர்ந்திருக்கும். பழைய இழை பல்பாக இருந்தால், பல்பின் உள்ளே இழைக்கு அடியில் மெல்லிய கம்பிச் சுற்று ஒன்று இருக்கும். இழை அறுந்ததும் அது இணைந்து மின்சாரத்தைக் கடத்திவிடும். அதனால் ஒரு பல்பு கருகினாலும் மற்றவை எரியும். பல்பு குழிக்குள் தளர்ந்திருந்தால் இந்த வசதி வேலை செய்யாது, வரிசை முழுக்க அணையும். ஆகவே பிளக்கை உருவிவிட்டு, எரியாத பகுதியில் ஒவ்வொரு பல்பையும் அழுத்திப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். தீராவிட்டால் எரிகிற பகுதியிலிருந்து நல்ல பல்பு ஒன்றைக் கழற்றி, எரியாத இடத்தில் ஒவ்வொரு குழியாக மாற்றிப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் பிளக்கை உருவிய பிறகே கை வைக்கணும். கண்ணாடியைப் பிடித்து இழுக்காமல் அடிப்பிளாஸ்டிக்கைப் பிடியுங்கள், காலில் இருக்கும் இரண்டு கம்பி மயிரிழைதான்.

கருகிய பல்பை "மற்றது எரிகிறதே" என்று விட்டுவைக்காதீர்கள். அதன் பங்கு மின்னழுத்தம் மற்ற பல்புகளுக்குப் பிரிந்து போகும், அவை சூடேறிச் சீக்கிரம் போகும். ஒன்று போனால் நான்கு போவது இப்படித்தான். எல்இடி செட்டில் பல்பு கழற்ற வராத வகை என்றால் அரை மணிக்கு மேல் செலவழிக்காதீர்கள். ஒயரில் வெட்டோ உருகலோ தெரிந்தால் டேப் சுற்றாமல் தூக்கிப் போடுங்கள்.

சுற்றும் முறை: கையிலும் முழங்கையிலும் கயிறு மாதிரிச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறுக்கு ஏறும், அந்த முறுக்கில்தான் உள்கம்பி ஒடியும். 30க்கு 20 செ.மீ. அட்டை ஒன்று வெட்டி, இரண்டு ஓரத்திலும் ஒரு கீறல் போடுங்கள். பிளக் இல்லாத முனையைக் கீறலில் செருகிச் சுற்ற ஆரம்பித்து, பிளக் வெளியே நிற்கும்படி முடியுங்கள். அடுத்த டிசம்பரில் சுருள் பிரிக்காமலே செருகிச் சோதிக்கலாம். சுற்றும் முன் ஒரு தடவை எரிய வைத்துப் பாருங்கள். கெட்டதைப் பத்திரப்படுத்தி வைக்கிற வேலை நம் வீடுகளில் நிறைய நடக்கிறது.

பேட்டரியில் ஓடும் ஸ்டார், மெழுகுவத்தி, பொம்மை எல்லாவற்றிலும் பேட்டரியைக் கழற்றியே வையுங்கள். 11 மாதம் உள்ளே கிடந்தால் அல்கலைன் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூக்கும். கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தோலை அரிக்கும். ஏற்கனவே பூத்திருந்தால் கையுறை போட்டு, பஞ்சுக்குச்சியில் ஒரு துளி வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத்துணி, பிறகு உலர்த்தல்.

நாணய வடிவ லித்தியம் பேட்டரியில் மட்டும் விளையாட்டு வேண்டாம். பாடும் வாழ்த்து அட்டையிலும் ஒளிரும் பொம்மையிலும் அது இருக்கலாம். குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண் உண்டாகும். சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனை. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, மலத்தில் வருமா என்று காத்திருக்கக் கூடாது. கழற்றிய நாணய பேட்டரியை இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, கைக்கெட்டாத இடத்தில் வைத்து, மின்கழிவில் சேருங்கள்.

கடைசிப்பெஞ்ச்:
விருந்து மீதிக்குச் சுருக்கமா: இன்னைக்குத் தேதி 1. கிறிஸ்துமஸ் அன்னைக்குச் சமைச்சது எதுவா இருந்தாலும் வாசனை பாக்காம வெளியே போடுங்க. 4 டிகிரிக்குக் கீழே இருக்கற பிரிட்ஜ்லயே சமைச்ச உணவு 3 – 4 நாள்தான். கெட்ட உணவு எல்லாம் நாறாது. ஃப்ரீசர்ல –18 டிகிரியில இருந்தா பிரச்சினை இல்லை, 3 – 4 மாசம் ருசியும் தாங்கும். அதுல ரெண்டு டப்பாவை திங்கள், செவ்வாய் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒதுக்குங்க. ஞாயிறு ராத்திரியே பிரிட்ஜ் கீழ் தட்டுக்கு மாத்தி உருக விடுங்க, மேசை மேல வெச்சு உருக்க வேண்டாம்.

பொம்மை விஷயத்துல "எல்லாத்தையும் ஒளிச்சு வெச்சிடுங்க"ன்னு யாராவது சொல்வாங்க. எனக்கு ஒப்புதல் இல்லை. நாலு பொம்மை வெளியே, மிச்சம் மூணு பெட்டி. எந்த நாலுன்னு அவளே எடுக்கட்டும். ரெண்டு வாரத்துக்கு ஒரு பெட்டி மாத்துங்க. ஒளிச்சு வெச்சா தேடறதே விளையாட்டாப் போயிடும். பரிசோட வந்த ரசீதை இன்னைக்கே போட்டோ எடுத்து வைங்க, வெப்பத்தாள் ரசீது சில மாசத்துலயே வெளுத்துடும்.

இன்னொண்ணு: புது டியூஷன், புது உடற்பயிற்சி, புது டைம்டேபிள் எதையும் 6ஆம் தேதி ஆரம்பிக்காதீங்க. பழைய நடைமுறை திரும்பி நிக்கவே ரெண்டு வாரம் ஆகும்.

வாசல்மணி:
எல்லாருக்கும் நன்றி. இன்று வெள்ளி இரவு. வியாழன் 8:45, இன்று 8:10 இரண்டும் நடந்தன. சின்னவள் 10 மணிக்கே சாய்ந்துவிட்டாள். பெரியவன் 10:50க்கு விளக்கை அணைத்தும் விழித்துக்கொண்டு கிடக்கிறான். நாளை 7:30 என்பதை 8 ஆக்கட்டுமா?

பகல்நிலா:
வேண்டாம், 7:30க்கே எழுப்புங்கள். இரவில் குறைந்த தூக்கம் நாளை இரவு உங்களுக்கு உதவிக்கு வரும். காலையைத் தள்ளினால் அந்த உதவியும் போகும், நாள் கணக்கும் குலையும். தூக்கம் வராமல் 20 நிமிடத்துக்கு மேல் கிடந்தால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து ஏதாவது படிக்கட்டும், கண் சொருகும்போது திரும்பப் படுக்கட்டும். போன் அறைக்கு வெளியே. மாலையில் டீ, காபி, கோலா குடிக்கிறானா என்று பாருங்கள். காபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், 5 மணிக்குக் குடித்தது 10 மணிக்கும் உள்ளே பாதி இருக்கும். நாளைக்குப் பகலில் அவனைத் தூங்க மட்டும் விடாதீர்கள், சோபாவில் சாய்ந்த அரை மணி நேரமும் கணக்குதான்.

திங்கள் காலை அவன் முகம் தொங்கத்தான் செய்யும். வியாழன் வாக்கில் சரியாகிவிடும்.

ஊசிமுனை:
ஞாயிறு ராத்திரி கதவோரம் இருக்க வேண்டியது: பை, ஷூவுக்குள்ள சாக்ஸ், தண்ணீர் ஊத்தின பாட்டில். டிபன் பாக்ஸ் காலியா, மூடி திறந்து சமையல் மேடையில. சனிக்கிழமை 7:30க்கு எழுப்பறப்பவே ஒரு ஒத்திகை பாருங்க. எழுந்ததுல இருந்து செருப்பு மாட்டற வரைக்கும் கடிகாரம் வெச்சு, எங்க நேரம் போகுதுன்னு குறிச்சுக்குங்க. பெரும்பாலும் சாப்பாட்டு மேசையில இல்லை, குளியலறை வாசல்ல போகும். ரெண்டு பேருக்கும் பத்து நிமிஷ இடைவெளி விட்டு எழுப்பினா அது தீரும். பெரியவன் முதல்ல.

வாசல்மணி:
ஒரு தகவல்: சீரியல் செட் பல்பை ஒவ்வொன்றாக அழுத்தியதில் பதினேழாவதில் எரிந்துவிட்டது. தளர்ந்துதான் இருந்திருக்கிறது. ஆனால் கொஞ்சம் ஆட்டினால் மறுபடி அணைகிறது.

திருகாணி:
பிளக்கை உருவிவிட்டு அந்தப் பல்பைக் கழற்றி அடியைப் பாருங்கள். இரண்டு கம்பியில் ஒன்று மேல்நோக்கி மடங்காமல் நேராகத் தொங்கும். ஊசியால் இரண்டையும் பிளாஸ்டிக் பக்கச் சுவரை ஒட்டி மேலே மடித்து, குழிக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டுக்கு நேராகப் பொருத்தி அழுத்துங்கள். தகடு பச்சை பிடித்திருந்தால் மடித்த உப்புத்தாள் துண்டால் லேசாகச் சுரண்டியபின் போடுங்கள். அதன்பிறகும் ஆடினால் போனது அந்தக் குழிதான், செட்டை மாற்றிவிடுங்கள்.